ஆறாவது ஆள்: டிவான் டட்லி, ஒரு நிகழ்வு ஆய்வு

2001 ஏப்ரல் 1. டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கில், முடிவுகளை முன்பே எழுதி நடத்தும் மேடை மல்யுத்தத்தின் மிகப் பெரிய ஆண்டு நிகழ்ச்சியான ரெசில்மேனியா 17 நடக்கிறது. அறுபத்தேழாயிரம் பேருக்கு மேல் கூட்டம். டேக் டீம், அதாவது ஜோடிப் பட்டத்துக்கான டிஎல்சி போட்டி. டேபிள், ஏணி, நாற்காலி மூன்றையும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்; மேலே தொங்கும் பெல்ட்டை ஏறி எடுத்தவர் ஜெயித்தவர். ரிங்கில் மூன்று ஜோடிகள்: எட்ஜும் கிறிஸ்டியனும், மேட் ஹார்டியும் ஜெஃப் ஹார்டியும், பப்பா ரே டட்லியும் டிவான் டட்லியும்.

அந்த ஆறு பேரின் பிற்காலத்தைப் பாருங்கள் (இனி வரும் சுருக்கப் பெயர்கள் மல்யுத்த நிறுவனங்களுடையவை). எட்ஜ் 2006-ல் உலக சாம்பியன். அதே வருடம் கிறிஸ்டியன் வேறொரு நிறுவனத்தில் என்.டபிள்யூ.ஏ. உலக சாம்பியன். ஜெஃப் 2008-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. சாம்பியன். மேட் 2008-ல், டபிள்யூ.டபிள்யூ.இ. புதுப்பித்து நடத்திய இசிடபிள்யூவின் பட்டம், பிறகு 2015-ல் டிஎன்ஏ உலக சாம்பியன். பப்பா ரே 2013-ல் டிஎன்ஏ உலக சாம்பியன். ஐந்து பேருக்குத் தனியாட்டத்தில் ஏதோ ஒரு உலகப் பட்டம் கிடைத்துவிட்டது. ஆறாவது ஆளுக்கு மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர்தான் டிவான்.

ஆனால் ஜோடிப் பட்டங்களை எண்ணினால் கணக்கு தலைகீழாகிறது. இசிடபிள்யூ, டபிள்யூ.டபிள்யூ.எஃப்., டபிள்யூசிடபிள்யூ, டபிள்யூ.டபிள்யூ.இ., என்.டபிள்யூ.ஏ., டிஎன்ஏ ஆகிய அத்தனை டேக் டீம் பட்டங்களையும் வென்ற ஒரே ஜோடி டட்லிகள். ஜப்பானின் ஐடபிள்யூஜிபி பட்டமும் அவர்கள் கைக்கு வந்திருக்கிறது. மொத்தம் இருபதுக்கும் மேல். ஒரே மனிதர், ஒரே உடம்பு, ஒரே திறமை. ஜோடியாக நின்றால் சரித்திரம், தனியாக நின்றால் சாதாரணம். இது அவருடைய குறையா, அல்லது நாம் அளக்கும் கோலில் கோளாறா? இந்தக் கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கையைப் பார்க்கிறேன்.

தொடக்கம்

இயற்பெயர் டிவான் ஹியூஸ். பிறந்தது 1972 ஆகஸ்ட் 1, நியூயார்க் மாநிலத்தின் நியூ ரோஷெல். பயிற்சி கொடுத்தவர் ஜானி ராட்ஸ். புரூக்ளினில் உள்ள க்ளீசன்ஸ் ஜிம், குத்துச்சண்டைக்காரர்களுக்குப் பேர்போன இடம். அங்கேதான் ராட்ஸ் மல்யுத்தம் சொல்லிக்கொடுத்தார். டாஸும் டாமி ட்ரீமரும்கூட அவரிடம் கற்றவர்களே. பின்னாளில் மூவருமே பிலடெல்பியாவை மையமாகக் கொண்டிருந்த இசிடபிள்யூவில் சேர்ந்து பெயர் வாங்கினார்கள். இசிடபிள்யூ என்றால் சிறிய அரங்கு, ரிங்குக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருக்கும் ரசிகர்கள், ரத்தம், உடைந்த மரம். நடத்தியவர் பால் ஹேமன்.

அங்கே ஏற்கெனவே டட்லி என்றொரு வேடிக்கைக் குடும்பம் இருந்தது. சாயம் தெளித்த டி-ஷர்ட், தடித்த கண்ணாடி, அசட்டுச் சிரிப்பு. ஊர் ஊராகச் சுற்றிய ஒரே அப்பனுக்கு வெவ்வேறு தாய்மார் பெற்ற பிள்ளைகள் என்பது கதை. பப்பா ரே என்ற வேடத்தில் இருந்த மார்க் லோமொனாகோ, திக்கித் திக்கிப் பேசும் கோமாளி. 1996-ல் இந்தக் குடும்பத்துக்குள் டிவானைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்கார டட்லிகளுக்கு நடுவே ஒரு கறுப்பின டட்லி! "ஒரே அப்பன்தானே" என்ற ஒற்றை வரியில் அதற்கு விளக்கம் முடிந்துவிட்டது. பார்த்தவர்களும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார்கள்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், டிவான் வந்ததே சண்டைக்குத்தான். மற்ற டட்லிகள் கோமாளித்தனம் செய்து குடும்ப மானத்தைக் கெடுக்கிறார்கள், நான்தான் உண்மையான டட்லி என்று சொல்லிப் பங்காளிகளை அடிக்க வந்தவர் அவர். சிரிப்புக் கூட்டத்துக்குள் சிரிக்காத ஒருவர் நுழைந்ததும் முழு வேடமும் நிறம் மாறியது. பப்பாவும் அவரும் ஒன்று சேர்ந்த பிறகு திக்குவாய்க் கோமாளி மெல்ல மறைந்து, மைக்கைப் பிடித்தால் கூட்டத்தை வெறியேற்றும் முரடன் வெளியே வந்தான். பப்பாவின் இந்த மாற்றத்தைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கான கதவைத் திறந்தது டிவானின் வருகை என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை.

1997-ல் முதல் இசிடபிள்யூ டேக் பட்டம். அதே வருடம் ஏப்ரலில், அந்த நிறுவனத்தின் முதல் கட்டண ஒளிபரப்பான பேர்லி லீகலில் எலிமினேட்டர்ஸ் ஜோடியிடம் அதை இழந்தார்கள். பிறகு வாங்குவதும் விடுவதுமாக மொத்தம் எட்டு முறை. எட்டாவது முறை 1999 ஆகஸ்டில், நியூயார்க்கின் குயின்ஸில், அவர்களுடைய கடைசி இரவில் நடந்தது. பட்டத்தை வென்றார்கள், அதே இரவு டாமி ட்ரீமரும் திடீரென்று திரும்பிவந்த ரேவனும் அதைப் பறித்தார்கள். ஒரு நிறுவனத்தை விட்டுப் போகும்போது பட்டத்தை அங்கேயே தோற்றுவிட்டுப் போவது இந்தத் தொழிலின் மரியாதை. அதை ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

ஜோடியின் உள்ளே

டேக் டீம் ஆட்டத்தைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். ரிங்குக்குள் ஒருவர், கயிற்றுக்கு வெளியே மூலையில் இன்னொருவர். கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம். ஆட்டத்தின் நடுப்பகுதி முழுவதும் நல்லவர் அணியில் ஒருவர் எதிரிகளின் மூலையில் சிக்கி அடி வாங்குவார். தன் கூட்டாளியை நோக்கி ஊர்ந்து வருவார், தொடப் போகும் நேரத்தில் காலைப் பிடித்து இழுப்பார்கள். கூட்டம் தவிக்கும். கடைசியில் கை பட்டதும் வெளியே காத்திருந்தவர் புயல் மாதிரி உள்ளே வந்து எல்லோரையும் துவைப்பார். கைதட்டல் அவருக்குப் போகும். ஆனால் அந்தக் கைதட்டலை அடி வாங்கிச் சேர்த்து வைத்தவர் மற்றவர். டட்லிகள் நல்லவர்களாக இருந்த காலத்தில் பல ஆட்டங்களில் அப்படிச் சேர்த்து வைத்த ஆள் டிவான்.

அவர்களுடைய முடிப்பு அடியையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் 3டி. எதிராளி ஓடி வரும்போது டிவான் அவரை இடுப்போடு சேர்த்து மேலே தூக்கி வீசுவார். காற்றில் இருக்கும்போதே பப்பா பாய்ந்து கழுத்தைப் பிடித்துக் கீழே இழுத்துச் சாத்துவார். படம் எடுத்தால் பப்பாவின் முகம் தெரியும், விழுபவரின் முகம் தெரியும். டிவான் பெரும்பாலும் முதுகு காட்டிக்கொண்டு நிற்பார். ஆனால் தூக்கும் உயரமும் நேரமும் இம்மி பிசகினால் அந்த அடியே இல்லை. விழுபவரின் கழுத்தும் பத்திரமில்லை. நூறு கிலோ மனிதனைப் பாதுகாப்பாக வீசும் வேலை அது. நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுபவரைப் போன்ற இடம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது சரியான ஒப்புமை இல்லை, ஒத்துக்காரர் ஆளைத் தூக்குவதில்லை!

அப்புறம் அந்தக் கூச்சல். ஆட்டம் முடியும் நேரம். பப்பா திரும்பி டிவானின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளி, தொண்டை கிழியக் கத்துவார்: "டிவான்! கெட் த டேபிள்ஸ்!" அரங்கமே சேர்ந்து கத்தும். அந்த வாசகத்தின் முதல் சொல் டிவானின் பெயர். ஆனால் அதைச் சொல்பவர் அவரல்ல. அவர் பேசாமல் ரிங்குக்கு அடியில் குனிந்து மடக்கு டேபிளை இழுத்து, காலைப் பிரித்து நிறுத்துவார். அவர்கள் இருவரையும் பற்றிய மொத்த ஆய்வும் இந்தப் பத்து நொடிக்குள் இருக்கிறது என்பேன்.

டிவானுக்கென்று தனியாகக் கிடைத்த நேரம் ஒன்று உண்டு. பப்பா எதிராளியின் இரண்டு கால்களையும் விரித்துப் பிடிக்க, டிவான் மூலைக் கம்பத்தின் மேலேறி "வாஸ்ஸப்!" என்று நாக்கை நீட்டிக் கத்திவிட்டுத் தலையால் பாய்வார். எங்கே பாய்வார் என்று எழுத வேண்டியதில்லை. அன்றைக்குப் பிரபலமாக இருந்த ஒரு பீர் விளம்பரத்திலிருந்து எடுத்த சொல் அது.

உச்சம்

1999 செப்டம்பரில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (2002-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. என்று பெயர் மாறிய அதே நிறுவனம்) மேடைக்கு வந்தார்கள். 2000 ஜனவரி ராயல் ரம்பிளில், மேடிசன் ஸ்கொயர் கார்டனில், ஹார்டி சகோதரர்களோடு டேபிள் போட்டி (எதிராளியை டேபிளில் போட்டு உடைக்க வேண்டும்); தோல்வி. அடுத்த மாதம் நியூ ஏஜ் அவுட்லாஸ் ஜோடியைத் தோற்கடித்து முதல் பட்டம். ரெசில்மேனியா 2000-ல் மூன்று ஜோடி ஏணிப் போட்டி, ஆகஸ்ட் சம்மர்ஸ்லாமில் முதல் டிஎல்சி, பிறகு நாம் தொடங்கிய ஹூஸ்டன்.

ஹார்டிகளுக்கு ஏணி, எட்ஜ் - கிறிஸ்டியனுக்கு நாற்காலி, டட்லிகளுக்கு டேபிள். டிஎல்சி என்ற பெயரே இந்த மூன்று ஜோடிகளின் மூன்று ஆயுதங்களைக் கூட்டிச் செய்ததுதான். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மேலே சொன்ன மூன்று பெரிய போட்டிகளிலும் ஜெயித்தது எட்ஜும் கிறிஸ்டியனும். டட்லிகள் மூன்றிலும் தோற்றார்கள். ஆனால் இன்றைக்கு யாரைக் கேட்டாலும் அந்தப் போட்டிகளில் "தோற்றவர்கள்" என்று டட்லிகளைச் சொல்ல மாட்டார்கள். ஆட்டத்தை உருவாக்கிய ஆறு பேரில் இருவர் என்றுதான் சொல்வார்கள்.

2001 நவம்பரில் சர்வைவர் சீரிஸ். இரும்புக் கூண்டுக்குள் ஹார்டிகளை வென்று டபிள்யூ.டபிள்யூ.எஃப்., டபிள்யூசிடபிள்யூ டேக் பட்டங்களை ஒன்றாக்கினார்கள். டபிள்யூசிடபிள்யூ என்ற, மூடப்பட்டுவிட்ட ஒரு பெரிய நிறுவனத்தின் கடைசி டேக் டீம் சாம்பியன்கள் என்ற இடம் அப்படி வந்தது. இதற்குமேல் ஒரு ஜோடிக்கு ஏற வேண்டிய படி அந்த நிறுவனத்தில் அப்போது இல்லை.

பிரித்துப் பார்த்த சோதனை

2002 மார்ச்சில் நிறுவனம் தன் ஆட்களை ரா, ஸ்மாக்டவுன் என்று இரண்டு நிகழ்ச்சிகளுக்குப் பங்கு பிரித்தது. பப்பா ராவுக்கு, டிவான் ஸ்மாக்டவுனுக்கு. சண்டை இல்லை, துரோகம் இல்லை. சொத்துப் பாகப்பிரிவினையில் அண்ணன் தம்பியை ஆளுக்கொரு வீட்டுக்கு அனுப்பியது போல. நம் கேள்விக்கு இதைவிட நல்ல சோதனை அமையாது. இரண்டு பேரையும் ஒரே நாளில் தனியாக விட்டால் என்ன ஆகும்?

பப்பாவுக்குப் புது வேடம் தேவைப்படவில்லை. பேசினார், ஹார்ட்கோர் பட்டத்தை அவ்வப்போது பிடித்தார், அரங்கம் அவரோடு சேர்ந்து கத்தியது. டிவானை மதபோதகர் ஆக்கினார்கள். ரெவரெண்ட் டிவான். கழுத்துப் பட்டி, பிரசங்கம், காணிக்கைப் பெட்டி. "டெஸ்டிஃபை!" (சாட்சி சொல்!) என்பது ஏற்கெனவே அவருடைய வாயில் இருந்த சொல். அதை ஊதிப் பெரிதாக்கி ஒரு முழு வேடம் தைத்தார்கள். சட்டை பொருந்தவில்லை. பிரசங்கி என்றால் நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு பேச வேண்டும். டிவானின் பலமோ சுருக்கமாக, முறைத்தபடி ஒரு வார்த்தை சொல்வதில் இருந்தது. தனியாட்டக்காரராக அவர் சுமார்தான் என்பதை அவருடைய ரசிகனான நானே ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இங்கே ஒன்றைப் பார்க்க வேண்டும். தனியாக விட்ட இரண்டே மாதத்தில் அவருக்கு ஒரு துணையைக் கொடுத்துவிட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வரும் புது ஆள், டீக்கன் பட்டிஸ்டா. ஆமாம், அந்தப் பட்டிஸ்டாதான்; மூன்றே வருடத்தில் உலக சாம்பியன், பிறகு ஹாலிவுட். முதன்முதலாகப் பெரிய மேடையில் நின்றவனுக்கு எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்று ரிங்கில் காட்டிக்கொடுத்த அனுபவஸ்தர் டிவான். தனியாக வளர்க்க நினைத்த ஆளிடம் இன்னொருவரை வளர்க்கும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். இதை டிவானின் தனியாட்டத் தோல்வி என்று எழுதுவது சுலபம். உண்மையில் அவரைத் தனியாக விட்டுப் பார்க்கவே இல்லை என்றும் எழுதலாம்.

நவம்பர் 17, மீண்டும் மேடிசன் ஸ்கொயர் கார்டன், சர்வைவர் சீரிஸ். மூன்றுக்கு மூன்று டேபிள் எலிமினேஷன் போட்டி. பப்பாவின் பக்கம் ஜெஃப் ஹார்டியும் இன்னொரு டட்லியான ஸ்பைக்கும் வெளியேறிவிட, பப்பா தனியாகத் திணறுகிறார். டிவான் ஓடி வருகிறார், 3டி, டேபிள் உடைகிறது. அந்த இரவு கூட்டம் எழுப்பிய சத்தத்தைக் கேட்டால் சோதனையின் முடிவு தெரிந்துவிடும். எட்டு மாதத்தில் பாகப்பிரிவினை ரத்து.

அடுத்த இரண்டு மூன்று வருடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். பட்டங்கள் வந்தன, போயின. 2004-ல் பால் ஹேமனோடு சேர்ந்து அண்டர்டேக்கரை எதிர்த்த கதை, இருவர் சேர்ந்து ஒருவரிடம் தோற்றதில் முடிந்தது.

பெயர் யாருடையது?

2005 ஜூனில் பழைய இசிடபிள்யூவை நினைவுகூரும் ஒன் நைட் ஸ்டாண்ட் நிகழ்ச்சியின் இறுதி ஆட்டத்தில், எரியும் டேபிளோடு, டட்லிகள் வென்றார்கள். அடுத்த மாதமே நிறுவனத்தில் அவர்கள் இல்லை. வெளியே போகும்போதுதான் தெரிந்தது, டட்லி என்ற பெயரும் அவர்களோடு வராது என்று. இசிடபிள்யூ 2001-ல் திவாலானது. அதன் சொத்துகளை 2003-ல் டபிள்யூ.டபிள்யூ.இ. வாங்கியது. டட்லி குடும்பம் பிறந்தது இசிடபிள்யூவில் என்பதால் அந்தப் பெயரும் சொத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பெயருக்கு மதிப்பு ஏற்றியவர்கள் இவர்கள், பத்திரம் இருந்தது அவர்களிடம்.

அதனால் டிஎன்ஏவுக்குப் போனபோது அடியின் பெயரையே அணியின் பெயராக்கிக்கொண்டார்கள்: டீம் 3டி. பப்பா ரே டட்லி, பிரதர் ரே ஆனார். டிவான் விஷயத்தில் ஒரு நுணுக்கம். மேடைப் பெயர் ஆங்கிலத்தில் டி என்ற ஒற்றை எழுத்துக்குப் பின் ஒரு சிறு கோடு போட்டு எழுதப்படுவது. பெற்றோர் வைத்த பெயர் கோடில்லாமல் சேர்த்து எழுதுவது. காதால் கேட்டாலும், தமிழில் எழுதினாலும், இரண்டும் ஒன்றுதான். கோடு போட்டது கம்பெனிக்கு, கோடு இல்லாதது அவருக்கு. பப்பா தன் பெயரில் பாதியை இழந்தார், டிவான் ஒரு சிறு கோட்டை.

பெயர் போனதால் வேலை கெடவில்லை. 2005-ல் ஆல் ஜப்பான் நிறுவனத்தின் பெயர்பெற்ற டேக் லீக்கை வென்றார்கள். 2007 ஏப்ரலில் என்.டபிள்யூ.ஏ. பட்டம். 2009 ஜனவரி 4, டோக்கியோ டோமில் மகாபேயையும் யானோவையும் வென்று ஐடபிள்யூஜிபி பட்டம். ஃபுளோரிடாவின் கிஸ்ஸிமியில் சொந்தமாகப் பயிற்சிப் பள்ளியும் நடத்தினார்கள். கொஞ்சம் யோசித்தால், பிராண்டுப் பெயரே இல்லாமல் ஒரு ஜோடி புது நாட்டிலும் புது மேடையிலும் அதே மதிப்பைப் பெற்றது, சரக்கு பெயரில் இல்லை என்பதற்கு நல்ல அத்தாட்சி.

இரண்டாவது சோதனை

2010 நவம்பரில் மோட்டார் சிட்டி மெஷின் கன்ஸிடம் தோற்று, டீம் 3டி ஓய்வு பெறுவதாக அறிவிப்பு. அதன்பின் ரே, டிவானைத் தாக்கினார். இந்தமுறை பாகப்பிரிவினை அல்ல, அசல் பங்காளிச் சண்டை. ரே, புல்லி ரே என்ற கொடூரனாக மாறி 2013 மார்ச்சில் உலக சாம்பியன் ஆனார். டிவான் 2012-ல் டெலிவிஷன் சாம்பியன். அதற்குமேல் ஏறவில்லை. பிறகு ஏசஸ் அண்ட் எய்ட்ஸ் என்ற முகமூடி மோட்டார் சைக்கிள் கும்பல் வந்தது. 2012 அக்டோபரில் அதிலிருந்து முகமூடி கழன்ற முதல் முகம் டிவானுடையது. சில மாதம் கழித்து அந்தக் கும்பலின் தலைவன் என்று தெரிய வந்தது யார்? புல்லி ரேதான். எதிரிகளாகப் பிரிந்தவர்களை இரண்டு வருடத்தில் ஒரே கூரைக்கு அடியில் கொண்டுவந்துவிட்டது கதை.

இரண்டு சோதனையிலும் பப்பா மேலே போனார், டிவான் அதே மட்டத்தில் நின்றார். உண்மை. பப்பாவின் கருவி நாக்கு, அதை எங்கேயும் தனியாக எடுத்துப் போகலாம். டிவானின் கருவி இடமும் நேரமும் அறிவது. எங்கே நிற்க வேண்டும், எப்போது தூக்க வேண்டும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது. பக்கத்தில் ஆள் இல்லாவிட்டால் அந்தக் கருவியைக் காட்டவே இடமில்லை.

இறங்குமுகம்

2015 ஆகஸ்டில் புரூக்ளினில், டபிள்யூ.டபிள்யூ.இ.க்கு டட்லிகளாகவே திரும்பி வந்தார்கள். கோடும் குடும்பப் பெயரும் திரும்பக் கிடைத்தன. ஒரு வருடம் ஓடியது, பட்டம் எதுவும் இல்லை. அதன்பின் டிவான் அங்கேயே தயாரிப்பாளராக இருந்துவிட்டார். மல்யுத்தத்தில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுபவர் அல்ல; ஆட்டத்தை வீரர்களோடு உட்கார்ந்து கோத்து, நேரம் கணக்கிட்டு, திரைக்குப் பின்னால் நின்று நடத்திக் கொடுப்பவர். இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பது கஷ்டம். 2018-ல் நியூ ஆர்லியன்ஸில் இருவரும் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். மேடையேறி அறிமுகம் செய்தவர்கள் எட்ஜும் கிறிஸ்டியனும். 2020 கடைசியில் டிவானுக்குப் பக்கவாதம் வந்தது, மீண்டார். 2023 தொடக்கத்தில் நிறுவனத்தை விட்டு வெளியேறினார்.

2025 அக்டோபர் 12. மாசசூசெட்ஸ் மாநிலம் லோவெல், டிஎன்ஏவின் பவுண்ட் ஃபார் க்ளோரி. 53 வயது டிவான் கடைசியாக ஒருமுறை பூட்ஸ் கட்டினார். எதிரே மேட்டும் ஜெஃப்பும். டேபிள் போட்டி. ஹூஸ்டனில் இருந்த ஆறு பேரில் நால்வர், இருபத்து நான்கு வருடம் கழித்து. ஜெயித்தது ஹார்டிகள்.

டிவானின் மகன்களில் இருவர் இரட்டையர். அவர்களும் மல்யுத்தத்துக்குத்தான் வந்திருக்கிறார்கள், டேக் டீமாக.